ஏறினாள் என்றுதான் எழுதினேன்

எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இதை மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது நல்லது. எண்பதுகளின் கடைசியில் சென்னீர்குப்பத்தில் எங்கள் வாடகை வீட்டு முன்னறையில் பதினோரு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். கணவருக்கு ஆவடி ஃபாக்டரியில் வேலை. குவார்ட்டர்ஸுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவள் நான். இந்த ஊர்ப் பேச்சு காதில் பழகவே ஒரு வருஷம் பிடித்தது.

பதினோரு பேரில் ஒருத்தி ஐந்தாம் வகுப்பு. அப்பா திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் மெஷின் ஓட்டுகிறவர். வீட்டில் அவளுக்குக் கீழே இன்னும் இரண்டு குழந்தைகள். கொண்டுவந்து விட்ட அன்றே, அவளைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டே அவள் அம்மா சொன்னார். "பாருங்க டீச்சரு, பரிச்சைக்குள்ள படிக்க வந்துச்சுன்னா பூந்தமல்லி பெரிய ஸ்கூல்ல ஆறாவது சேக்கலாம். வர்லன்னா அஞ்சாவதோட நிறுத்திடலாம்னு அவுங்க நைனா சொல்லிகீறாரு. ஊட்ல சின்னதுங்கள பாத்துக்க ஆளு வோணும்."

வாசிக்கச் சொன்னேன். ஒரு பாடத்தைக் கடகடவென்று முடித்தாள். விரல் வரி வரியாக ஓடியது. எனக்குச் சந்தேகம் வந்து, வேறு பாடத்தைத் திருப்பி வைத்தேன். விரலை வைத்துக்கொண்டு அதே பழைய பாடத்தை அதே வேகத்தில் சொன்னாள். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பயமாக இருந்தது. ஐந்து வருஷமாக அவள் காதால் மட்டுமே பள்ளிக்கூடம் போயிருக்கிறாள்.

எழுத்துகள் தெரியாதவள் இல்லை. ஒரு சொல்லின் முதல் இரண்டு எழுத்தைப் பார்ப்பாள், மிச்சத்தை ஊகித்துவிடுவாள். அதுவும் கடைசி எழுத்தை அவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பேச்சில் பெண்ணுக்குக் கடைசி எழுத்தே கிடையாது. அவன் வந்தான், அவ வந்தா. எழுதும்போதுதான் அவளுக்கென்று ஒரு ள் கிடைக்கிறது. ஆனால் பாடப்புத்தகத்தில் இந்தப் பெண்ணின் ஊகம் ஒருநாளும் தப்பவில்லை. மரம் ஏறியது என்றால் பையன், தண்ணீர் எடுத்தது என்றால் பெண். படிக்காமலே சரியாகச் சொல்ல முடிகிற புத்தகத்தை யார்தான் மெனக்கெட்டுப் படிப்பார்கள்?

அதனால் நானே கதை எழுதினேன். பழைய மாதக் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் பட்டை ஸ்கெட்ச் பேனாவால் கொட்டை கொட்டையாக எழுதி, சணலால் கோத்துக் கொடுத்தேன். சமுதாயத்தைத் திருத்துகிற எண்ணம் சத்தியமாக எனக்கு இல்லை. கடைசி எழுத்தைப் பார்க்க வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆளுக்குப் பெயர் வைத்தால் குட்டு உடைந்துவிடும். எங்கள் ஊர்ப் பக்கம் பையனையும் பெண்ணையும் பிள்ளை என்றே சொல்லுவோம். அந்தச் சொல் கைகொடுத்தது.

முதல் கதை இப்படி ஆரம்பித்தது. பாரிவாக்கம் தாண்டியதும் பஸ் நின்றது. கூரை மேல் இருந்த கூடை திறந்துகொண்டது. ஆறு கோழிகள் வெளியே வந்தன. கண்டக்டர் கூரையைப் பார்த்தார். டிரைவர் கண்டக்டரைப் பார்த்தார். ஒரு பிள்ளை பின்பக்க ஏணியில் ஏறினாள்.

அவள் "ஏறினான்" என்றாள். "கடைசி எழுத்து என்ன?" என்று கேட்டேன். குனிந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பொண்ணா டீச்சர்?"

"என்னைக் கேட்டா? தாள்ல என்ன போட்டிருக்கோ அதுதான்."

யாரும் சொல்லாமலே தாளின் தலைப்புக்குப் போய் முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். இந்தத் தடவை விரலும் வாயும் ஒன்றாகப் போயின. அன்றைக்கு ராத்திரிச் சமையலில் உப்புப் போட மறந்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

பிறகு கதைகள் வரிசையாக வந்தன. தோசை சுட்டான், தம்பிக்குத் தலை வாரினான், சுவரேறிக் குதித்தாள், பாம்பை அடித்தாள். பிள்ளைகள் ஏமாறுவதும் சிரிப்பதும் மறுபடி படிப்பதுமாக இருந்தார்கள். தாள்கள் வீடுகளுக்கும் போயின. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

முதலில் ஒரு பையனின் அம்மா வந்தார். "தோச சுட்டான்னு எய்திகீறீங்களே, எம்புள்ளைய தெருவுல தோச மாஸ்டர்னு கூப்டறானுங்க." ஓட்டலில் தோசை சுடுகிறவர் மீசை வைத்த ஆள்தானே என்று கேட்டுவிட்டேன். வாய் சும்மா இருக்காது எனக்கு. மறுநாளிலிருந்து அந்தப் பையன் வரவில்லை. வருத்தமாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லேத்துக்காரர் வந்தார். மகள் கூட வந்தாள். மனைவி சின்னதை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். லேத்துக்காரர் கையில் கோழிக் கதை. கோபமாக வரவில்லை, உதவி செய்ய வந்திருந்தார். "டீச்சரு, தப்பா நெனச்சிக்காதீங்க. அவசரத்துல எய்திட்டீங்க போல. எங்க பாத்தாலும் ஏறினாள், புடித்தாள்னு எய்த்துப் பிழையா கீது. நானே திருத்திட்டேன்." வாங்கிப் பார்த்தேன். எல்லா ள்ளின் மேலும் சிவப்பு மையில் ன் ஏறியிருந்தது. ஒன்றைக்கூட விடவில்லை மனிதர்.

"பிழை இல்லண்ணே. ஏறினாள் என்றுதான் எழுதினேன்" என்றேன்.

அவர் முகம் மாறியது. "பொம்பளப் புள்ள பாவாட கட்டிகினு பஸ்ஸு மேல ஏறுமா? நேத்து இவ தண்ணி டேங்கு ஏணில நாலு படி ஏறிட்டா. கீழ உயுந்து கை கால் ஒடிஞ்சா யாரு பாக்கறது? நாளைக்கி ஒருத்தன் ஊட்டுக்குப் போற பொண்ணு. படிக்கத்தான் அனுப்சேன், இதுக்கு இல்ல. நாளைலேர்ந்து வர மாட்டா."

ஏணி விஷயம் எனக்குத் தெரியாது. அதில் அவர் பயந்தது நியாயம்தான், அதை மனசுக்குள் ஒப்புக்கொண்டேன். ஆனால் பரீட்சைக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது. இப்போது நிறுத்தினால் அவள் பள்ளிக்கூடம் இந்த வருஷத்தோடு முடிந்தது. "இவள் படிக்கிறதை ஒரு தடவை கேளுங்கண்ணே" என்றேன்.

"அது மனப்பாடமா சொல்லும். எனுக்குத் தெரியாதா?"

நல்ல கேள்வி. அன்று காலைதான் எழுதி முடித்த கதை ஒன்று மேசையில் இருந்தது. அவள் கண்ணில் படாதது. "சரி, அப்போ இதை நீங்களே அவளுக்குப் படிச்சுக் காட்டுங்க" என்று அவர் கையில் கொடுத்தேன். எட்டாவது வரை படித்தவர், பேப்பர் தினம் பார்க்கிறவர். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். மகள் அவர் தோளுக்குப் பக்கத்தில் எட்டிப் பார்த்தாள்.

"மொபெட் நின்றுபோனது. ஒரு பிள்ளை பிளக்கைக் கழற்றினான்."

"நைனா, பெரிய ள போட்டுகீது" என்றாள் அவள்.

அவர் பார்த்தார். சரிதான். மேலே போனார். "கரியைத் துடைத்தான்."

"அதுவும் ள நைனா. நீ கடேசி எய்த்த பாக்கவே மாட்டேன்ற."

நாலு மாதமாக நான் அவளிடம் சொல்லிச் சலித்த அதே குறை. அவள் வாயிலிருந்து அவள் அப்பாவுக்குப் போனதைக் கேட்டபோது என் தலைக்கனம் இரண்டு அங்குலம் வளர்ந்தது. உள்ளதைச் சொல்கிறேன், கண்ணும் கலங்கிவிட்டது.

அவர் தாளை அவளிடம் நீட்டினார். "நீ படி."

மெதுவாகத்தான் படித்தாள். நீளமான சொல் வந்த இடங்களில் நின்று நின்று போனாள். ஆனால் விரல் எங்கே இருந்ததோ அதைத்தான் சொன்னாள். கடைசிக்கு முந்தின வரியில் அவளுக்கும் வேகம் வந்துவிட்டது. "கூட வந்த பிள்ளை அழுதாள்" என்று ஓட்டினாள்.

"ரெண்டு சுழி ன கீது, பாரு" என்றார் அப்பா. அவர் கண் அவள் விரலுக்கு ஒரு சொல் முன்னால் போய்க் காத்திருந்திருக்கிறது.

முடித்தாள். அவர் கதையை வாங்கி மடித்து என்னிடம் கொடுத்தார். "கத எனுக்குப் புடிக்கல டீச்சரு. இப்பவும் சொல்றேன்" என்றார்.  என் வாழ்க்கையில் வாயை மூடிக்கொண்ட சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று. மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

கேட்டுக்கு வெளியே நின்ற மனைவி, "இன்னா, நிறுத்திட்டியா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

"எனுக்கே தப்பு சொல்லுது உம்பொண்ணு" என்றார் அவர். அந்தத் தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னார். "பெரிய ஸ்கூல்ல ஃபாரம் எப்ப குடுக்குறாங்கன்னு விசாரிச்சு வை."