பிளக்கைப் பிடுங்கச் சொன்னது

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். மடிக்கணினியைத் திறக்கவும் மூடவும் தெரியுமே தவிர, அதில் ஒரு வரி அடிக்கத் தெரியாது. அப்படிப்பட்டவள் அதை வாங்குவது எப்படி என்று எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் ஒன்று வாங்கிய பிறகு எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் இரண்டு மூன்று பேர் வந்து விவரம் கேட்டார்கள். நேருக்கு நேர் பேச நேர்ந்தால் எனக்குப் பேச்சு வராது. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் மகளுக்கு ஒரு வேலை கிடைத்தது. ஊர் ஊராகப் போய் இலவசக் கண் பரிசோதனை முகாம் நடத்தும் ஓர் அமைப்பில், வருகிறவர்களின் பெயர், வயது, கண்ணின் விவரம் எல்லாம் பதிய வேண்டும். சம்பளம் சுமார்தான். ஆனால் டிகிரி முடித்து வீட்டில் இருந்தவளுக்குக் கிடைத்த முதல் வேலை. மடிக்கணினி அவரவருடையதாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. திங்கட்கிழமை முதல் முகாம். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை அங்கிருந்து ஒரு மேடம் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

“ஸ்கூல்ல பிளக் இருக்கும்னு நம்பி வந்துடாதீங்க. நாங்க போற ஊர்ல பாதி நாள் கரண்ட் இருக்காது. மதியம் வரைக்காவது சார்ஜ் நிக்கணும். முடியலைன்னா இப்பவே சொல்லிடுங்க, சொந்த லேப்டாப் வச்சிருக்கிற இன்னொரு பொண்ணு காத்துகிட்டு இருக்கு.”

“நிக்கும் மேடம்” என்றாள் மகள். அப்போது எங்களிடம் மடிக்கணினியே இல்லை.

என் வீட்டுக்காரர் நெடுநாள் கான்ட்ராக்டில் இருந்து, பிறகு பெர்மனென்ட் ஆனவர். நிலக்கரி மைன்ஸில் வேலை. குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் கம்பெனி டவுன்ஷிப்புக்குக் குடிவந்தோம். எங்கள் வீட்டில் இருக்கும் சாமான்களில் பாதி, ரிட்டையர் ஆகிப் போனவர்களிடம் வாங்கியது. பீரோ ஒருவர் வீட்டுடையது, கிரைண்டர் இன்னொருவர் வீட்டுடையது. இங்கே அதுதான் வழக்கம். ஒருவர் ரிட்டையர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். சொந்த ஊருக்குக் கொண்டுபோக முடியாததை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவர்கள் சொன்ன விலையைக் கொடுத்து எடுத்து வருவோம். பேரம் பேசுவதில்லை. ஓட்டிப் பார்ப்பதும் இல்லை. ஒரே பிளாக்கில் இருந்தவர்கள் ஓட்டைச் சாமானை விற்பார்களா என்ற நம்பிக்கை.

அந்தச் சமயத்தில் பின்வரிசை வீட்டு அக்கா காலி செய்துகொண்டிருந்தார். அவர் வீட்டுக்காரர் அந்த மாதம்தான் ரிட்டையர் ஆனார். மகனுடைய பழைய மடிக்கணினி ஒன்று இருக்கிறது என்று அவரே சொல்லியனுப்பினார். சனிக்கிழமை நானும் மகளும் போனோம்.

வீடு முழுக்க அட்டைப்பெட்டி. மேசையில் மடிக்கணினி மட்டும் துடைத்துவைத்தது போல இருந்தது. மகள் உட்கார்ந்து எல்லாம் பார்த்தாள். திரை தெளிவாக இருந்தது. எழுத்துக் கட்டைகள் எல்லாம் அழுந்தின. அவள் போனிலிருந்து நெட்டை இணைத்துப் பார்த்தாள், பிடித்தது. விலையும் எங்களுக்குக் கட்டுப்படியாகும் விலை. அக்கா டீ கொண்டுவந்தார்.

மகள் என் இடுப்பில் இடித்தாள். “நீ கேளும்மா.”

“நீ கேளு.”

“எனக்கு ஒரு மாதிரி இருக்குதும்மா. உனக்குத்தானே அக்கா.”

“என்னது, ரெண்டு பேரும் குசுகுசுன்னு?” என்றார் அக்கா. “விலை ஜாஸ்தியா இருக்குதா?”

“அதெல்லாம் இல்லக்கா.” நான் டீயைக் கீழே வைத்தேன். “அந்தப் பிளக்கக் கொஞ்சம் பிடுங்கிட்டுப் பாக்கலாமா?”

“பிளக்கையா? எதுக்கு?”

“பேட்டரி எவ்வளவு நேரம் நிக்குதுன்னு.”

அக்கா சிரித்துவிட்டார். “பேட்டரியா? அது யாருக்குத் தெரியும்? இந்த மேசைய விட்டு அத எடுத்ததே கிடையாது. நம்ம ஏரியாவுல என்னைக்குக் கரண்ட் போயிருக்குது, சொல்லு?”

அது உண்மைதான். மைன்ஸ் நிலக்கரியை வைத்துப் பக்கத்திலேயே மின்சாரம் செய்கிறார்கள், டவுன்ஷிப்பில் அது போவது அபூர்வம். எங்கள் வீட்டில் எமர்ஜென்ஸி விளக்கு கிடையாது. மெழுகுவத்தி கூட பிறந்தநாளுக்கு வாங்கியதுதான். எதையும் சொருகியே வைத்திருந்து பழகியவர்கள் நாங்கள். மேடம் போன் செய்யாமல் இருந்தால் எனக்கும் அந்தக் கேள்வி தோன்றியிருக்காது. பீரோ வாங்கியது போல அன்றே தூக்கிக்கொண்டு வந்திருப்போம்.

மகள் பிளக்கைப் பிடுங்கினாள். திரை உடனே அணைந்துவிட்டது.

அக்கா குனிந்து பொத்தானை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். உள் அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்த அவர் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்.

“என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்லிங்க. பேட்டரி பாக்குறாங்க.”

“பாக்குறாங்களா?”

அக்காவின் முகம் சிவந்திருந்தது. “எங்க பையன் காலேஜ் முழுக்க இதுலதான் படிச்சான். ஒரு நாள் மக்கர் பண்ணல” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. சொருகியிருந்தவரை அது நன்றாகத்தான் ஓடியிருக்கும். புது பேட்டரி போட்டுக்கொள்ளலாமா என்று மகள் போனில் தேடினாள். அந்த மாடலுக்கு ஆர்டர் கொடுத்தால் அடுத்த வாரம்தான் வரும் என்று காட்டியது. திங்கட்கிழமைக்கு உதவாது.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “திங்கக்கிழமையே வேணும்க்கா, அதான்” என்று மட்டும் சொன்னேன். வெறுங்கையோடு திரும்பவும் மனம் வரவில்லை. துணி காயப்போடும் ஸ்டாண்ட் ஒன்றை விலை கொடுத்து எடுத்து வந்தேன். எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தது.

ஷிஃப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்தார். “ஒருத்தர் வூட்டுக்குள்ள பூந்து சாமான சோதிச்சிட்டு, வாங்காமயும் வந்தியா?”

“வாங்கிட்டு வந்தா இவளுக்கு வேலை போயிடுமே.”

“அவரும் நானும் ஒரே ஷிஃப்ட்டுல இருந்தவங்கடி. இனி எந்த மூஞ்சிய வச்சிக்கினு வழியனுப்பப் போறது?”

“அப்பா, அது பிளக்கப் பிடுங்குன உடனே செத்துப் போச்சு” என்றாள் மகள்.

“சாவட்டுமே. வூட்டுல வச்சிக்கினு பாட்டுக் கேக்கலாம் இல்ல?”

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் மகளும் பக்கத்திலிருக்கும் மந்தாரக்குப்பம் போனோம். அங்கே, கம்பெனிகள் பயன்படுத்திக் கழித்த மடிக்கணினிகளைச் சரிபார்த்து விற்கும் சின்னக் கடை ஒன்று இருக்கிறது. வடலூரில் புதிதே கிடைக்கும், ஆனால் எங்கள் கைக்கு மிஞ்சிய விலை. கடை திறந்தவுடன் போனதில் ஒரு வசதி இருந்தது. வேறு ஆள் இல்லாததால் எனக்குப் பேச்சு வந்தது.

கடைக்காரர் முதலில் பெரிய திரை வைத்த ஒன்றை எடுத்துக் காட்டினார். கேம் விளையாடலாம், படம் எடிட் செய்யலாம் என்றார். “எனக்கு ஃபார்ம் நிரப்பணும், போட்டோ ஏத்தணும். அவ்வளவுதாங்க” என்றாள் மகள். என்ன வேலைக்கு என்பதை நாமே முதலில் சொல்லிவிடுவது நல்லது என்று அப்போது புரிந்தது. சொல்லாவிட்டால் அவர்கள் இருப்பதிலேயே பெரியதைக் காட்டுகிறார்கள், நாமும் வேண்டாம் என்று சொல்ல வெட்கப்பட்டுத் தலையாட்டுகிறோம். ரேம் எட்டு ஜிபி இருந்தால் தன் வேலைக்குப் போதும் என்றாள் மகள். பழைய மாதிரி சுழலும் ஹார்டு டிஸ்க் இல்லாமல் எஸ்எஸ்டி இருந்தால் சட்டென்று திறக்குமாம். பேருந்தில் தூக்கிக்கொண்டு போவதால் எடை குறைவாக இருக்க வேண்டும். மூடி மடங்கும் இடத்தை நானே ஆட்டிப் பார்த்தேன். ஒன்றில் கடகடவென்று ஆடியது, அதை ஒதுக்கினோம்.

பிறகு பேட்டரி என்றேன்.

கடைக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “டவுன்ஷிப்பாங்க நீங்க?”

“ஆமாங்க.”

“டவுன்ஷிப்புல இருந்து வந்து பேட்டரியப் பத்திக் கேட்டது நீங்கதாங்க மொத ஆளு. கரண்டு செய்யிறது பக்கத்துலதான், ஆனா இங்க நாங்க விசிறிக்கினு உக்காந்துகினு கீறோம். உங்களுக்கு அந்தக் கவலை கெடையாது.”

“பிளக்கப் பிடுங்கிட்டு இங்கயே கொஞ்ச நேரம் உக்காந்து பாக்கலாமாங்க?”

“பாருங்க. நான் என்ன வாடகையா கேக்கப் போறேன்?”

மகள் திரையின் வெளிச்சத்தை முழுதாக ஏற்றி, நெட்டை இணைத்து, ஏதோ சமையல் வீடியோவை ஓடவிட்டாள். சும்மா திறந்து வைத்தால் சார்ஜ் இறங்காது, வேலை கொடுத்தால்தான் உண்மை தெரியும் என்றாள். முதல் மடிக்கணினி, மூன்று பிரியாணி முடிவதற்குள் பாதிக்கு வந்துவிட்டது. சூடும் அதிகம். அதை மூடிவிட்டு வேறொன்றை எடுக்கச் சொல்லி முதலிலிருந்து தொடங்கினோம். அது மெதுவாகத்தான் இறங்கியது. கடைக்கு ஆட்கள் வந்து போனார்கள். சார்ஜர் வாங்க வந்த ஒருவர் எங்களைப் பார்த்துக் கடைக்காரரிடம் கேட்டார்.

“என்ன அண்ணே, கடைய சினிமாக் கொட்டாயா மாத்திட்டீங்களா?”

“டிக்கெட்டு வாங்காமயே உக்காந்துகினு கீறாங்க.”

எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது. மகள் என் முழங்காலில் கை வைத்து அழுத்தினாள். உட்கார்ந்திருந்தேன். வெயில் கடைப்படி வரை ஏறி வந்தபோதும் பாதிக்கு மேல் சார்ஜ் இருந்தது.

“இது போதும்மா” என்றாள்.

பில் கேட்டேன். பேட்டரிக்கும் சேர்த்து எவ்வளவு நாள் பொறுப்பு என்பதை அந்தப் பில்லிலேயே எழுதச் சொன்னேன். வாயால் சொன்னால் போதாதா என்றார் கடைக்காரர். எழுதினால் நல்லதுங்க என்றேன். எழுதிக் கொடுத்தார். கூடவே ஒரு பையும் கொடுத்தார், தோளில் மாட்டுகிற மாதிரி. வீடு வந்ததும் என் வீட்டுக்காரர் மடிக்கணினியைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, இவ்வளவு லேசாக இருக்கிறதே என்று சந்தேகப்பட்டார்.

மறுநாள் திங்கட்கிழமை மகள் காலைப் பேருந்தில் போனாள். முகாம் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் நடந்தது. பத்து மணிக்குப் போன மின்சாரம் திரும்ப வரவில்லை. மதியச் சாப்பாட்டுக்குள் பதிவு முடிந்துவிட்டதாகச் சொன்னாள். அடுத்த முகாமுக்கும் வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்று சாயங்காலம் பின்வரிசை வீட்டில் லாரி வந்து நின்றது. என் வீட்டுக்காரர் போய்ச் சாமான் ஏற்ற உதவினார். நான் போகவில்லை.