நாலு திரைக்கு நாலு பைண்டர்

சாதிக் பாய் காலையில் போடுகிற சாம்பிராணியும், கம்ப்யூட்டர் கேபினட்டுக்குள் சூடேறிய தூசியும் கலந்து ஒரு வாசனை வரும்... முதல் வேலை என்றாலே எனக்கு அந்த வாசனைதான்.

கள்ளக்குறிச்சியில் கீழே பாயின் மொபைல் கடை, மாடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ். சென்னையில் ஒரு இன்டர்வியூவிலும் தேறாமல் நைனார்பாளையத்துக்கே திரும்பி வந்திருந்த நான் அந்த மாடியில் வேலைக்குச் சேர்ந்தேன். கூட இருந்தது பாயின் மகள் யாஸ்மின். என் வயசு, என் படிப்பு, என்னைவிட இரண்டு மடங்கு வாய்.

மலைமேல் கரியாலூர் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியிலிருந்து வேலை வந்தது. அவர்களிடம் நல்ல கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்று இருந்தது. பாடம் சொல்லித்தரும் ஆப் ஆண்ட்ராய்டில் மட்டும்தான் ஓடும்.

"ஒரே மெஷின்ல நாலு ஸ்கிரீன், நாலுலயும் தனித்தனி ஆண்ட்ராய்டு... பண்ணிடலாம் டீச்சர்" என்று பாய் போனில் வாக்குக் கொடுத்துவிட்டார். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதல் ஆண்ட்ராய்டு அழகாக வந்தது. இரண்டாவதைக் கிளப்பினால் லோகோ வரும், போகும். மறுபடி வரும், போகும்...

காரணம் மெஷின் எழுதிவைக்கிற லாக் ஃபைலிலேயே இருந்தது. ஆண்ட்ராய்டுக்குள் ஒரு ஆப் இன்னொன்றோடு பேச வேண்டுமானால் பைண்டர் என்கிற சாதனம் வழியாகத்தான் பேச வேண்டும். அதற்கு ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொறுப்பாளர்தான். முதல் ஆண்ட்ராய்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அடுத்து வருவதை, மெஷினின் அடிப்படை மென்பொருளான கெர்னல் திருப்பி அனுப்பியது.

அந்த நேரம் பார்த்து பள்ளித் தலைமையாசிரியை போன் செய்தார். "கல்வி ஆபீசர் அடுத்த வாரம் பாக்க வர்றாரும்மா. பசங்க யூஸ் பண்ணலன்னா மெஷினை கீழ சங்கராபுரத்துக்கு மாத்திடுவேன்றாரு. மலையில இருக்கறதுங்களுக்கு இது எதுக்குன்னு கேக்கறாரு."

போனை வைத்த பிறகு யாஸ்மினிடம் அதை அப்படியே சொன்னேன். எனக்குக் காது சூடாகிவிட்டது.

மறுநாள் புதுக் கெர்னலின் குறிப்புகளைப் படித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெயர் கண்ணில் பட்டது. பைண்டர்எஃப்எஸ். டிஸ்கில் எதுவும் இருக்காது. கெர்னல் தானே உண்டாக்கிக் காட்டுகிற ஒரு ஃபைல் சிஸ்டம். அதை மெஷினோடு இணைக்கிற, அதாவது மவுன்ட் செய்கிற, ஒவ்வொரு முறையும் தனியாக ஒரு ஃபோல்டர் கிடைக்கும். அதற்குள் நமக்கு வேண்டிய பைண்டர்களை நாமே உண்டாக்கலாம், வேண்டாமென்றால் ஃபைலை அழிப்பதுபோல அழிக்கலாம்.

"ஃபைல் சிஸ்டமா? நமக்கு வேண்டியது டிவைஸுடி. ஃபைலை வெச்சிக்கினு இன்னா பண்றது?" என்றாள் யாஸ்மின்.

"நாலு ஆண்ட்ராய்டுக்கும் நாலு தனி மவுன்ட். ஒன்னோட பைண்டர் இன்னொன்னு கண்ணுலயே படாது."

அவள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள்.

பழைய கெர்னலில் அது கிடையாது. புதுசை நாங்களே கம்பைல் செய்ய வேண்டும். பாதிகூட ஓடியிருக்காது, கரன்ட் போய்விட்டது! யூபிஎஸ் கூவ ஆரம்பித்ததும் பாய் மாடியேறி வந்தார். எங்கள் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் கீழே போய், தன் கடையின் லைட்டு, ஃபேன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, இன்வெர்ட்டர் லைனை எங்களுக்குத் திருப்பிவிட்டார்.

"கடை இருட்டாவே இருக்கட்டும்மா. உங்க மெஷின் நிக்கக் கூடாது."

அன்று மதியம் முழுக்க செல்போன் டார்ச் வெளிச்சத்தில் சார்ஜர் விற்றார் மனுஷன்.

கெர்னல் தயாரானது. மவுன்ட் செய்தோம். ஃபோல்டரைத் திறந்தோம்.

"இன்னாடி... ஒன்னே ஒன்னுதான் கீது?"

பைண்டர்-கன்ட்ரோல் என்று ஒரே ஒரு பெயர். யாஸ்மின்தான் குறிப்பை மறுபடி படித்தாள். அந்தக் கன்ட்ரோலிடம் பெயர் சொல்லிக் கேட்டால்தான் கெர்னல் சாதனத்தை உண்டாக்கும். அவளே சின்னதாக ஒரு சி புரோகிராம் எழுதி ஓட்டினாள். மறுபடி ஃபோல்டரைப் பார்த்தால் ஒரு ஆண்ட்ராய்டுக்கு வேண்டிய மூன்று வகை பைண்டர்களும் புதுசாக, வரிசையாக!

அவள் கத்திய கத்தலில் கீழே வந்திருந்த கஸ்டமர் மேலே ஓடி வந்துவிட்டார்.

ஆபீசர் வந்த அன்று கரியாலூரில் மேகம் ஜன்னல் வரை இறங்கியிருந்தது. நாலு திரையும் ஒவ்வொன்றாக ஒளிர்ந்தன. வகுப்பே எழுந்து நின்று கத்தியது. டீச்சர் அடக்கப் பார்த்து, முடியாமல் அவரும் சிரித்துவிட்டார்.

பாதிப் பாடத்தில் மூன்றாவது திரை உறைந்தது.

"அவ்ளோதானா? எல்லாத்தயும் ஆஃப் பண்ணணுமா?" என்றார் ஆபீசர்.

"வேணாம் சார். இது ஒன்னு மட்டும்தான்" என்றேன். குரல் நடுங்கவில்லை, எனக்கே ஆச்சரியம். அந்த ஆண்ட்ராய்டை நிறுத்தி, அதன் மவுன்டை எடுத்து, புதிதாக மவுன்ட் செய்து, யாஸ்மினின் புரோகிராமை ஓட்டிக் கிளப்பினேன். மூன்றாவது திரை மறுபடி உயிர் பெற்றது. மற்ற மூன்றிலும் பிள்ளைகள் திரும்பிக்கூடப் பார்க்காமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆபீசர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது தலைமையாசிரியையிடம், "மெஷின் இங்கயே இருக்கட்டும்மா" என்றார். யாஸ்மின் மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்து நசுக்கினாள். வலி சுகமாக இருந்தது.

இப்போது நான் பெங்களூரில் இதே வேலைதான் செய்கிறேன். இன்றைய கெர்னல்களில் மவுன்ட் செய்த உடனே பைண்டர்கள் தானாகவே வந்துவிடுகின்றன. யாஸ்மினின் சி புரோகிராமுக்கு வேலையே இல்லை. ஒரு கட்டளை கொடுத்தால் நூற்றுக்கணக்கில் ஆண்ட்ராய்டுகள் எழுந்து நிற்கின்றன...

எழுந்ததைப் பார்க்க ஆபீஸில் ஒருவரும் தலையைத் தூக்குவதில்லை. நான் மட்டும், முதல் நாலு வருகிற வரைக்கும், கையில் காபியோடு நின்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன்.