பதினான்கு மாதத்துக்கு எதற்குப் புதிது

வண்டிக்கு எது வாங்கினாலும் ரகுபதி முதலில் மாதங்களைத்தான் எண்ணுவார். டயரோ பேட்டரியோ, கார் வைத்திருப்பதற்கான சி.ஓ.இ. உரிமம் முடிய இன்னும் எத்தனை மாதம் என்று விரல் மடக்கிப் பார்த்துவிட்டுத்தான் கடைக்காரரிடம் வாய் திறப்பார். மகள் இளமதி தொடக்கப்பள்ளியில் இருந்தபோதே அப்படித்தான். பத்து வயதான காருக்கு ஐந்தாண்டு நீட்டிப்பு வாங்கிய பிறகு பழக்கம் இன்னும் முற்றிவிட்டது.

ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் அவர் ஸ்டோர்கீப்பர். வேலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்விடுவார். முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட மனைவி குணவதியால் பஸ்ஸில் நின்று போக முடியாது. வாரம் இருமுறை அவளை மருத்துவமனைப் பயிற்சிக்குக் கூட்டிப்போகத்தான் அந்தக் கார்.

காரின் முன்பக்கம், இடது சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் அப்சார்பரில் எண்ணெய் ஒழுகியது. அப்பாவும் மகளும் ஜாலான் புசாரில் ஃபாரூக்கின் உதிரிபாகக் கடைக்குப் போனார்கள்.

"ரெண்டு பக்கமும் சேர்த்து மாத்துங்கண்ணே. மேல இருக்கிற மவுன்ட்டும் புதுசாப் போட்டுருங்க. சேசிஸ் நம்பரச் சொன்னா சரியான சாமானா எடுத்துத் தரேன்."

"ஒழுகுறது ஒரு பக்கம்தானே தம்பி?"

"ஒரு கால்ல புதுச் செருப்பு, ஒரு கால்ல பழசு போட்டு நடப்பீங்களா?"

"இன்னும் பதினாலு மாசம்தான்லா. வேற வண்டில கழட்டுன பழைய மால் ஒண்ணு குடு, போதும்."

ஃபாரூக் புதியது ஒன்றையும் பழையது ஒன்றையும் மேசைமேல் நிறுத்தி, இரண்டின் தண்டையும் அமுக்கிவிட்டார். புதியது நிதானமாக, ஒரே சீராக மேலே வந்தது. கறுப்புப் பெயின்ட் பளபளத்த பழையது பாதியில் நின்று, பிறகு எழுந்தது.

"பெயின்ட்டப் பாத்து ஏமாந்துராதீங்க. நடுவுல திணறுது பாருங்க."

"நானும்தான் திணறுறேன். என்னை யாரு மாத்துறா?" என்றார் ரகுபதி. ஃபாரூக் சிரித்துவிட்டார். இளமதியும் அப்பா சொல்வதுதான் சரி என்று தலையாட்டினாள். அந்த வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் அவள். அவள் தலையாட்டினால் ரகுபதிக்கு அதற்குமேல் யோசனை கிடையாது.

பழையதையே வாங்கி மாட்டிக்கொண்டார்கள். இரண்டே மாதம்.

"இடது பக்கம் தூக்கித் தூக்கிப் போடுதுங்க" என்றாள் குணவதி. அவள் உட்காருவது அந்தப் பக்கம்.

"வண்டி நல்லாத்தான் ஓடுது. உன் முதுகு அப்படி."

தலையணை வைத்துப் பார்த்தாள். பின்னிருக்கைக்கு மாறினாள். பிறகு, "வீட்டுலயே பயிற்சி செஞ்சுக்கிறேன், நீங்க அலைய வேணாம்" என்று போவதையே நிறுத்திவிட்டாள். மூன்று வாரத்தில் இடது கால் மரத்துப்போகத் தொடங்கியது; கைத்தடி பிடித்து நடந்தாள். மருத்துவமனைப் பயிற்சியை விட்டால் நடை போய்விடும் என்று மருத்துவர் தொலைபேசியில் கண்டித்தார்.

அன்று மாலை இளமதி அப்பாவை வண்டி ஓட்டச் சொல்லி, அம்மாவின் இடத்தில் உட்கார்ந்து புக்கிட் மேரா வட்டாரத்தை ஒரு சுற்று வந்தாள். முதல் வேகத்தடை மேட்டிலேயே இடுப்பில் இடித்தது. கீழே இறங்கிக் குனிந்து சக்கரத்துக்குப் பின்னால் கைபேசி வெளிச்சத்தைக் காட்டினாள். கறுப்புப் பெயின்ட் மேல் எண்ணெய் வழிந்திருந்தது.

"அப்பா, அம்மா முதுகு இல்லப்பா."

ரகுபதி கழுத்தைத் தேய்த்துக்கொண்டார்.

மறுநாளே ஃபாரூக் இரண்டு பக்கத்துக்கும் புதிது எடுத்துக் கொடுத்தார். நான்தான் சொன்னேனே என்று அவர் சொல்லிக்காட்டவில்லை. பட்டறையில் மாட்டி, சக்கரங்கள் நேராக இருக்கின்றனவா என்றும் பார்த்தார்கள்.

வியாழக்கிழமை மருத்துவமனைக்குக் கிளம்பியபோது குணவதி தயங்கித்தான் ஏறினாள். இரண்டு மேடுகள் போயின; தூக்கிப் போடவில்லை.

"என்னங்க, வண்டிய என்ன பண்ணீங்க?"

"அப்சார்பர் மாத்துனேன். ரெண்டு பக்கமும்."

"அப்ப அன்னிக்கு நான் சொன்னது…"

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரகுபதி சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை விழுந்ததும், "நேரமாச்சு" என்று வண்டியை எடுத்தார்.

பின்னிருக்கையில் இருந்த இளமதி உண்மையைச் சொல்லியிருக்கலாம். தலையாட்டியது நான்தானே என்ற நினைப்பு அவள் வாயையும் அடைத்தது. பயிற்சியைத் தொடர்ந்த குணவதி இப்போது கைத்தடி இல்லாமல் நடக்கிறாள். உன் முதுகைக் குறை சொன்னது தப்பு என்ற ஒரு வார்த்தையை மட்டும் ரகுபதி அவளுக்கு இன்னும் கொடுக்கவில்லை.