மஞ்சள் தண்ணீர் தெளித்த இருபத்தாறு மூட்டைகள்

கஜானி வென்றவை இவை. இடம்பெயர்ந்தோர் முகாமில் ஒரு கொப்பியை மூன்று பிள்ளைகளோடு பங்கு போட்டுப் படித்துச் சாதாரணதரப் பரீட்சை சித்தியடைந்தது. உயர்தரத்தில் இரசாயனவியல் இரண்டு முறை கைவிட்டும் மூன்றாம் முறை எழுதிச் சித்தியடைந்தது. மாவுத்தூசு பட்டாலே மூச்சிழுப்பு வருகிற பிள்ளை, நாள் முழுவதும் சோளம் அரைத்துப் பார்க்கிற வேலைக்கு விண்ணப்பித்தது. நேர்முகத்துக்கு வந்த பதினேழு பேரில் ஒரே பெண்ணாக இருந்து அந்த வேலையைப் பெற்றது. எங்கள் அம்மாவின் வாயால் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியது. இந்தக் கடைசி ஒன்று எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

நான் அவளுடைய அக்கா சிவகௌரி. ஏழு வயது மூத்தவள். சாதாரணதரத்தோடு படிப்பை நிறுத்திக் கூலித் தோட்டங்களுக்குப் போனேன். தெல்லிப்பழையில் இராணுவம் எங்கள் காணியை விடுவித்த பிறகு சொந்தமாகச் சோளம் போடுகிறேன். கமக்காரர் சங்கத்து ஆண்டு மலருக்குத் தங்கச்சியைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சோளத்தில் பூஞ்சணம் பிடித்தால் கண்ணுக்குத் தெரியாத நஞ்சு உண்டாகும். கோழி தின்றால் ஈரல் கெட்டு இளைக்கும். மாடு தின்றால் பாலில் வரும். அதனால் கோழித்தீன் ஆலையின் லொறி வருவதற்கு முன் சங்கக் களஞ்சியத்தில் எல்லாருடைய மூட்டைகளையும் சோதிப்பார்கள். அதுதான் கஜானியின் வேலை. கூரான இரும்புக் குழாயை ஒவ்வொரு மூட்டையின் நடுவிலும் குத்தி ஒரு பிடி எடுப்பாள். எல்லாவற்றையும் கலந்து அரைத்து, நிறுத்து, மருந்து விட்டுக் குலுக்கி வடித்து, அதில் ஒரு சின்னக் காகிதக் குச்சியை நிறுத்துவாள். கொரோனாக் காலத்தில் பார்த்த குச்சி மாதிரித்தான். ஆனால் இங்கே இரண்டு கோடு வந்தால் சுகம், ஒரு கோடு மட்டும் வந்தால் நஞ்சு.

அவளுக்கு இந்த வேலை கிடைக்கும் வரை ஊரில் சோளம் காய்ந்துவிட்டதா என்று என்னிடம்தான் கேட்பார்கள். ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்துச் சொல்லிவிடுவேன். பிறகு அவளிடம் ஈரம் பார்க்கும் பெட்டி வந்தது. நான் பல்லால் சொன்னதையேதான் அதுவும் சொன்னது. ஆனாலும் என் வாசலுக்கு வந்தவர்கள், "தங்கச்சி நிக்கிறாவோ?" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

சோதனையில் முதல்தரமாகத் தேறுகிறவரின் பெயரைச் சங்க வாசல் பலகையில் பெயின்ற்றால் எழுதுவார்கள். அடுத்த அறுவடை வரை அது இருக்கும். அவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடமான போகம், அங்கே என் பெயர் வர வேண்டும் என்று நினைத்தேன். அம்மா கோயிலுக்குப் போகிற வழியில்தான் பலகை இருக்கிறது.

பன்னிரண்டு பரப்பில், முக்கால் ஏக்கரில், போட்டேன். சோளப் பொத்திகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, பூச்சி துளைத்ததை விலக்கினேன். தறப்பாள் விரிப்பில் ஒன்பது நாள் காயவிட்டு, மணிக்கொரு தடவை கிளறினேன். பக்கத்துக் காணி லூர்த்தம்மா தன்னுடையதைத் தார் றோட்டில் கொட்டிவிட்டு நித்திரை கொண்டார். இருபத்தாறு மூட்டை கட்டினேன். தை மாதத்துக் கடைசி வெள்ளி அம்மன் கோயிலில் மஞ்சள் தண்ணீர் வாங்கி வந்தேன். முதல் விளைச்சல் வீட்டை விட்டுப் போகுமுன் தெளிப்பது எங்கள் வழக்கம். மற்றவர்கள் முதல் மூட்டையின் வெளியில் இரண்டு துளி விடுவார்கள். நான் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்வதில்லை. இருபத்தாறு மூட்டையின் வாயையும் அவிழ்த்து, உள்ளே வேப்பிலையால் தெளித்து, திரும்ப இறுக்கித் தைத்து அடுக்கினேன். சோதனைக்கு என் முறை வர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது.

அதுவரை இரண்டு வருடமாகக் கஜானி பார்த்த முடிவுகளுக்கெல்லாம் பெரியவர் தில்லைநாதன்தான் கையெழுத்து வைத்தார். அவர் ஓய்வு பெறுகிற மாதம் அது. இனிக் கஜானியே கையெழுத்து வைக்கலாம் என்ற கடிதம் ஒரு திங்கட்கிழமை வந்தது. அம்மா அதைச் சாமி அறையில் வைத்துப் பூப் போட்டார். மூட்டைகளைக் கண்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த நாள் என் முறை. கஜானி மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு குழாயைக் குத்தினாள். அரைத்தாள். குச்சியை நிறுத்தினாள். ஒரு கோடு வந்தது. இரண்டாவது வரவில்லை.

"குச்சி பழசாயிருக்கும்," என்றேன்.

"நேற்று உடைச்ச பெட்டி, அக்கா."

"திரும்பப் பார்."

திரும்பக் குத்தினாள், திரும்ப அரைத்தாள். அவளுக்கு மூச்சு இழுத்தது. நான் சுவர் மணிக்கூட்டில் நிமிடங்களை எண்ணினேன். ஒரு கோடுதான். அவள் ஒரு மூட்டையை அவிழ்த்து முழங்கை வரை கையை விட்டு, கட்டியாக ஒட்டிப்போன மணிகளை எடுத்தாள். பச்சைப் பூஞ்சணம்.

"சாக்குக்குள்ளை தண்ணி விட்டனீங்களே?"

"தண்ணியில்லை. மஞ்சள் தண்ணி."

"எத்தினை மூட்டைக்கு?"

"எல்லாத்துக்கும்."

வாசலில் நின்ற லூர்த்தம்மா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சொன்னார், "நல்லகாலம் கௌரி, எங்கடை சேர்ச் சுவாமியார் தீர்த்தத்தை வெளியாலை மட்டும்தான் தெளிச்சவர்."

அவருடைய சோளத்துக்குக் காலையிலேயே இரண்டு கோடு வந்திருந்தது. தில்லைநாதன் பழைய பழக்கத்தில் அதற்குக் கையெழுத்தும் வைத்திருந்தார்.

நான் கஜானியின் பக்கம் திரும்பினேன். "உனக்குக் கொப்பி வாங்கத்தானே நான் வெங்காயம் கிண்டப் போனனான். எனக்கு ஒரு பேப்பர் நல்லதா எழுத ஏலாதோ?"

அவள் அறிக்கைத் தாளை எடுத்துப் பேனையைத் திறந்தாள். தில்லைநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பிள்ளை, இஞ்சை தா. இதுக்குக் கையெழுத்தை நான் வைக்கிறன். அக்கா தங்கச்சிக்குள்ளை சண்டை வேண்டாம். நானெண்டால் இந்த மாதத்தோடை போறவன்."

"நீங்கள் பாக்கேல்லை, சேர். நான்தான் பாத்தனான்," என்றாள் கஜானி. பிறகு என்னிடம், "நீங்கள் நல்லாத்தான் காயவிட்டனீங்கள் அக்கா. சாக்குக்குள்ளை தெளிச்சதுதான் பிழை. அதையும் எழுதுறன்," என்றாள். முடிவைக் கேட்டால் காரணத்தையும் எழுதிக் கொடுக்கிறவள் அவள் ஒருத்திதான் என்று பிறகு சங்கத்தில் சொன்னார்கள்.

வீட்டில் அம்மா, "ஆட்டுக்காவது போடுவம்," என்றார். பாலிலும் வரும் என்று கஜானி சொன்னதும் அந்தப் பேச்சை விட்டுவிட்டார். நான் சொல்லியிருந்தால் அரை நாள் வாதாடியிருப்பார். காணியின் மூலையில் ஆழமாகக் கிடங்கு வெட்டி இருபத்தாறையும் புதைத்தோம். கஜானியும் மண்வெட்டி பிடித்தாள், இழுப்போடு. பலகையில் லூர்த்தம்மாவின் பெயரை எழுதினார்கள். அடுத்த போகம் நான் மூட்டைக்கு வெளியே இரண்டு துளி விட்டேன். இரண்டு கோடு வந்தது. முதல்தரம் வேறொருவருக்குப் போனது.

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது பொய். அவளுக்கு ஒரு மேசை இருக்கிறது, அவள் எழுதுவதை லொறிக்காரனும் ஆலைக்காரனும் நம்புகிறார்கள். எனக்கு அது வேண்டும்போல் இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் அந்த அறிக்கையின் கார்பன் பிரதியை நான் கிழிக்கவில்லை. காணி உறுதிப் பத்திரத்தோடு பிளாஸ்ரிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். சங்கத்துக் கோப்பைத் தவிர, அவளுடைய முதல் கையெழுத்து வேறு யாரிடமும் இல்லை. மேலே என் பெயர், நடுவில் "நஞ்சு உண்டு", கீழே இனிஷல் இல்லாமல் முழுதாக அவளுடைய பெயரும் அப்பாவுடைய பெயரும். பக்கத்தில் திகதி: 2024 மார்ச் 5, செவ்வாய்க்கிழமை.