முருகன் படத்துக்குப் பின்னால் ஒரு சீட்டு

கடவுச்சொல்லை மாற்றச் சொல்லி இன்றைக்கும் ஒரு செய்தி வந்திருக்கிறது. ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு குறி என்று யோசித்து யோசித்து எனக்கு அலுத்துவிட்டது. என் அப்பாவுக்கு மட்டும் இந்த ஒரு விஷயத்தில் அலுப்பே வந்ததில்லை. மற்ற எல்லாவற்றிலும் அலுத்துப்போன மனிதர் அவர். சுனாபட்டியில் காலை ஏழு மணி லோக்கல் ரயிலைப் பிடித்து, கோட்டைப் பகுதியில் இருந்த ஆபீசுக்குப் போய், விளக்கு வைத்த பிறகு திரும்புவார். செருப்பைக் கழற்றத் தெம்பில்லாமல் வாசலிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார்.

எனக்கு ஒன்பது வயதில் எங்கள் வீட்டுக்கு நெட் வந்தது. அக்கா அப்போது பி.எஸ்சி. முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப்போட்டுக்கொண்டிருந்தாள். பழைய மடிக்கணினி ஒன்றும் வாங்கியிருந்தோம். நெட் பூட்ட வந்த பையன் பெட்டியை ஜன்னல் பக்கம் வைக்கலாம் என்றான். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. ஜன்னலுக்கு வெளியே, சால் என்று சொல்லும் எங்கள் ஒற்றையறை வரிசைக் கட்டடத்தின் பொது நடை. அங்கே வைத்தால் பாதி நெட் வெளியே ஒழுகிவிடும் என்பது அவர் கட்சி. எங்கள் ஒற்றை அறையில் மிச்சமிருந்த ஒரே பிளக், சாமி அலமாரிக்குச் சீரியல் விளக்கு போடுவதற்கானது. ஆகவே பெட்டி முருகன் படத்துக்குப் பக்கத்தில் குடியேறியது. பூட்ட வந்தவனை அம்மா சாக்ஸைக்கூடக் கழற்ற வைத்தாள். வெள்ளிக்கிழமைகளில் அதற்கும் சேர்த்துச் சாம்பிராணி காட்டினாள்.

பாஸ்வேர்டை அடிக்கடி மாற்றுங்கள், யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அந்தப் பையன் போகிறபோக்கில் சொன்னதை அப்பா உபதேசம்போல எடுத்துக்கொண்டார். போதாததற்கு ரயில் சிநேகிதர்கள் வேறு. எவனோ பக்கத்து வீட்டு நெட்டைத் திருடி எதையோ செய்ய, போலீஸ் வீட்டுக்காரரைத் தேடி வந்ததாம். அன்றிலிருந்து அப்பா மாதாமாதம் தன் போனில் ஒற்றை விரலால் பாஸ்வேர்டை மாற்றி, கிழித்த காலண்டர் தாளில் எழுதி, முருகன் படத்துக்குப் பின்னால் செருகிவைத்தார். சாமி படத்துக்குப் பின்னால் திருடன் கை வைக்கமாட்டான் என்பது அவர் கணக்கு. திருடனோடு சேர்த்து, மாதத்தில் மூன்று நாள் அக்காவும் கை வைக்க முடியாது என்பதை அவர் யோசிக்கவில்லை.

அந்த மூன்று நாளும் அக்காவுக்குத் தனிப் பாய், தனித் தட்டு. சாமி அலமாரிப் பக்கம் போகக்கூடாது. ஏன் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. ஏதோ தண்டனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முந்தின வருஷம் அப்படியொரு நாளில் அவள் மறதியாக அங்கிருந்த குங்குமச் சிமிழை எடுத்துவிட்டாள். அதே வாரத்தில் அப்பா ரயிலிலிருந்து இறங்கும்போது வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். மூன்று மாதம் படுக்கை. அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னாள், "ஒம் அப்பா உசுரோட வந்ததே முருகன் புண்ணியம்." அதற்கப்புறம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அக்கா பாயில் சுவரைப் பார்த்துப் படுத்து அழுதுகொண்டிருந்தது நினைவிருக்கிறது.

பூனாவிலிருந்து ஒரு கம்பெனி வீடியோவில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது அந்த மூன்று நாளில் ஒன்றில். மாலை நான்கு மணிக்கு. ஏற்கெனவே இரண்டு இடம் கைவிட்டுப் போயிருந்தது. இதுவும் இல்லையென்றால் ஊர்ப்பக்கத்து மாப்பிள்ளைக்குச் சரி சொல்லிவிடுவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. மகளுக்கு நெட் முழுசாகக் கிடைக்கட்டுமே என்று அப்பா அன்று காலை யாரிடமும் சொல்லாமல் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, சீட்டை வழக்கமான இடத்தில் வைத்துவிட்டு ரயிலுக்கு ஓடினார். பாசத்தில் செய்த காரியம்தான்.

மதியம் அக்கா மடிக்கணினியைத் திறந்தபோது அது புதுப் பாஸ்வேர்டு கேட்டது. அப்பா போனை எடுக்கவில்லை. மாட்டுங்காவில் பள்ளிக்கூட ஆயாவாக இருந்த அம்மாவைப் போனில் பிடித்தாள். நீ தொடாதே, மூன்று மணிக்குத் தம்பி வந்துவிடுவான், அவனை எடுத்துத் தரச் சொல் என்றாள் அம்மா. அன்று நேராக வீட்டுக்கு வரவேண்டும் என்று காலையிலேயே எனக்கு உத்தரவு. நான் போகவில்லை. ரயில்வே மைதானத்தில் ஆட்டத்துக்கு ஓர் ஆள் குறைந்தது, நின்றுவிட்டேன். இப்போது எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஐந்து மணிக்குப் படியேறும்போது எதிர் அறை மராத்திக்காரம்மா, உன் அக்கா உன்னைத் தேடி நாலு தடவை கீழே இறங்கினாளே, எங்கே போனாய் என்று கேட்டாள். எட்டிப் பார்த்தேன். அக்கா நல்ல சுடிதார் போட்டு, மடிக்கணினியில் யாரோடோ இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தாள். தேவைப்பட்டது கிடைத்துவிட்டது போல என்று நிம்மதியானேன். அவள் பேசி முடிக்கவும் அம்மா உள்ளே வரவும் சரியாக இருந்தது. இன்டர்வியூ எப்படி என்று கேட்பதற்கு முன்னால் அம்மா என்னைத்தான் கேட்டாள்.

"ஏலே, வந்ததும் சீட்ட எடுத்துக் குடுத்தியா?"

எந்தச் சீட்டு என்றே எனக்குத் தெரியாது. இல்லை என்றால் தாமதமாக வந்தது வெளியே வரும், முதுகு பழுக்கும். அதனால், "ஆமாம்மா, வந்த ஒடனே குடுத்தேன்" என்றேன்.

"கை கால் கழுவிட்டுத்தானல தொட்ட?"

"ஆமாம்மா."

அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு, மடிக்கணினியையும் மூடினாள். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

பத்து நாளில் வேலை வந்தது. முறை தவறாமல் இருந்ததற்கு முருகன் கொடுத்தான் என்று அம்மா சால் முழுக்கச் சொன்னாள். நான் வளர்ந்து, எல்லாம் விளங்கிய பிறகும் அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. அக்காவும் நானும்கூட இதுவரை பேசிக்கொண்டதில்லை.

ஆனால் அன்று சாயங்காலம் என் கவலை வேறு. அக்கா வெளியே நடையில் போய் நின்றுகொண்டாள். ஆறரை ஆயிற்று, ஏழு ஆயிற்று, அப்பா வரவில்லை. அம்மா உள்ளே கூப்பிட்டும் அவள் நகரவில்லை. அப்பா வந்ததும் என்னைப் போட்டுக்கொடுக்கத்தான் காத்திருக்கிறாள் என்று நினைத்தேன். பக்கத்தில் போய், "சொல்லிராதக்கா" என்று கெஞ்சினேன். காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள், ரயில் சத்தம் கேட்கும்போதெல்லாம் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தாள்.

ஏழே முக்காலுக்கு அப்பா வந்தார். வண்டி லேட் என்றார். அவர் ஒவ்வொரு படியாக ஏறி வருவதை அக்கா மேலிருந்து பார்த்தாள். அவர் கடைசிப் படியில் கால் வைத்ததும் அவள் ஓவென்று அழுதுவிட்டாள். இன்டர்வியூ சரியாகப் போகவில்லை போல என்று நினைத்து, அலுத்துப்போன குரலில் அப்பா, "போவட்டும் விடும்மா" என்றார். என்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் அழுகிறாள் என்று நான் நினைத்தேன்.