மஞ்சளக்கா மூடிய மூன்று நிமிடம்

லேசர் கூடத்தில் எல்லோருக்கும் அவர் மஞ்சளக்கா. அவர் இயக்கிய கருவி நேர் மேலே வானத்துக்கு ஒரு மஞ்சள் ஒளிக்கற்றையை அனுப்பும். அதனால் வந்த பெயர். விண்கற்கள் எரிந்து விழும்போது அவற்றிலுள்ள உலோகம் ஆவியாகி, தரையிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் மெல்லிய படலமாகத் தங்கிவிடுகிறது. அதில் சோடியமும் உண்டு. லேசர் பட்டதும் அந்த அணுக்கள் மினுங்கும். கீழே ஒரு தொலைநோக்கி அந்தத் துளி வெளிச்சத்தை எண்ணும். பதினெட்டு வருடமாக அக்காவுக்கு இதுதான் வேலை. பட்டம் கிடையாது. அதற்கு முன் ஒரு பட்டறையில் லென்ஸ் மெருகேற்றிக்கொண்டிருந்தவர். ஆனால் லேசரின் நிறம் இம்மி பிசகினாலும் எண்ணிக்கை தப்பாகிவிடும்; அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்.

கூடத்துக்குப் பொறுப்பான ஆய்வாளர் அவரைவிடப் பத்து வயது இளையவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வீடு கிடைக்காமல் இரண்டு மாதம் அக்கா வீட்டு மாடியறையில்தான் இருந்தார். கூடத்தில் ‘சார்’, வீட்டில் ‘தம்பி’. அக்கா மகளுக்கு அவர் மாமா. அவளுக்குக் கணக்கு மண்டையில் ஏறியதே அவரால்தான். அக்காவின் கணவர் பஸ் ஓட்டுநர், யாரையும் லேசில் நம்பாதவர். அவரே இந்தத் தம்பியிடம் வீட்டுச் சாவி ஒன்றைக் கொடுத்துவைத்திருந்தார்.

ஆய்வாளர் வெளியூர்க் கருத்தரங்குக்குப் போயிருந்த ஓர் இரவில், தொண்ணூற்றேழாவது கிலோமீட்டரில் சோடியம் திடீரென்று குவிந்தது. திரையில் ஊசி போல ஒரு கோடு. வழக்கத்தைவிட ஆறு மடங்கு; படலத்தின் தடிமன் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. அக்கா பதறவில்லை. சோடியம் ஆவி அடைத்த குப்பிக்குள் லேசரைச் செலுத்தி, நிறம் சரிதானா என்று மூன்று முறை பார்த்தார். சரியாகவே இருந்தது. நடுவில் ஒரு விமானம் குறுக்கே வர, விமானியின் கண்ணில் பட்டுவிடக்கூடாது என்ற விதிப்படி ஒளிக்கற்றையை மூன்று நிமிடம் மூடினார். திறந்தபோதும் கோடு அப்படியே இருந்தது. ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டுக் கரைந்துபோனது.

ஆய்வாளர் திரும்பி வந்ததும் அக்கா ஓடிப்போய்க் காட்டினார். அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, லேசரின் நிறம் நழுவியிருக்கிறது, அக்கா கவனிக்கவில்லை, வானத்தில் அப்படி ஒரு படலமே இல்லை என்றார். குப்பியில் பார்த்ததை அக்கா சொன்னார். தூக்கத்தில் கண் சொருகியிருக்கும் என்று தம்பி சிரித்தார். அடுத்த வாரம் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அந்த வருடம் அக்காவுக்குக் கிடைத்திருக்கவேண்டிய மூத்த ஆபரேட்டர் பதவி வேறொருவருக்குப் போனது.

கொடுமை என்னவென்றால், அக்கா அதை நம்பினார். கண் டாக்டரிடம் போய்க் கண்ணாடியை மாற்றிக்கொண்டார். ஒரு முறை பார்க்கவேண்டிய இடத்தில் ஐந்து முறை பார்த்தார். இப்படிப் பார்த்தால் லேசருக்கே கூச்சம் வந்துவிடும் என்று கூடத்தில் கேலி செய்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். இப்படியே மூன்று வருடம் போனது.

பிறகொரு நாள் காலை, ஆய்வாளரின் கட்டுரை ஒரு பெரிய இதழில் வந்ததென்று அதன் முதல் பக்கத்தைப் பெரிதாக்கி மாடிப்படி அருகே மாட்டியிருந்தார்கள். அக்கா சும்மா நின்று பார்த்தார். தொண்ணூற்றேழாவது கிலோமீட்டரில் ஊசிக்கோடு. அதன் நடுவே மூன்று நிமிட அகலத்துக்கு ஒரு வெள்ளை இடைவெளி. வேறு யாருக்கும் அது ஒன்றுமில்லை. கீழே ஒரு வரி இருந்தது: அன்று லேசரின் நிறம் மூன்று முறை சரிபார்க்கப்பட்டது. யார் சரிபார்த்தது என்று இல்லை.

நேராக ஆய்வாளர் அறைக்குப் போனார்.

“இது என் ராத்திரிதானே சார்?”

“உட்காருங்கக்கா.”

“நின்னே கேட்டுக்கறேன்.”

அவர் மெல்லச் சொன்னார். அந்தப் பருவத்தில் அப்படிப் படலம் உண்டாகாது என்று அப்போதுதான் ஒரு கட்டுரை எழுதி வெளியிட்டிருந்தாராம். அக்காவின் பதிவு அதைக் கவிழ்த்துவிடும். இப்போது வேறொரு நாட்டில் அதே மாதிரி பார்த்துவிட்டார்கள் என்றதும், அவர்கள் வெளியிடும் முன் முந்திக்கொள்ள இதை வெளியே எடுத்தாராம்.

“அப்போ அது நிஜம்னு அன்னைக்கே தெரியுமா?”

“பார்த்ததுமே தெரிஞ்சுது.”

“என் பேரையாவது போட்டிருக்கலாமே.”

“போட்டா, அந்தக் கடிதத்துக்கு நான் என்னக்கா பதில் சொல்றது?”

வீட்டில் சொன்னபோது கணவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். பூட்டை மாற்றிவிடலாம் என்று மட்டும் சொன்னார். மகள்தான் நம்பவில்லை. மாமா அப்படிச் செய்திருக்கமாட்டார், அம்மா எதையோ தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறாள் என்று அவள் சொன்னது, ஆய்வாளர் சொன்னதைவிட அக்காவைச் சுட்டது.

அந்த இரவின் பதிவேட்டு நகல்களோடு அக்கா நிறுவனத் தலைவருக்கு எழுதினார். விசாரணை எட்டு மாதம் இழுத்தது. எச்சரிக்கைக் கடிதத்தைத் திரும்பப் பெற்றார்கள். இதழில் நான்கு வரித் திருத்தம் வந்தது. நன்றி சொன்ன இடத்தில் அக்காவின் பெயர், ஓர் எழுத்துப் பிழையோடு. பதவி வரவில்லை. ஆய்வாளர் இருந்த இடத்திலேயே இருந்தார். மகள் திருத்தத்தை இரண்டு முறை படித்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அக்கா வேறு பிரிவுக்குப் போகவில்லை. ஒரு மாலை, லேசரைப் போட்டுக்கொண்டிருந்தபோது ஆய்வாளர் வந்து மன்னிப்புக் கேட்டார்.

அக்கா திரும்பாமலே சொன்னார்: “பேரை விட்டது போகட்டும் சார். மூணு வருஷம் என் கண்ணையே நான் நம்பல. அதுக்கு எதுல திருத்தம் போடுவீங்க?”

லேசர் சூடேற இருபது நிமிடம் ஆகும். அதுவரை இருவரும் அந்தச் சின்ன அறையில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள்.