கரண்டி பிடித்த சித்தாள்கள்

கல்யாணமாகி சுந்தரபாண்டியத்துக்கு வந்த மறு மாசமே நான் சித்தாளாகிவிட்டேன். விடிந்ததும் பஸ் பிடித்து ராஜபாளையம் போவோம். மில்லுக்குக் குடோன், முதலாளிக்கு மாடிவீடு, கடைத்தெருவில் புதுக்கடை என்று எது எழும்பினாலும் அதன் செங்கலும் கலவையும் எங்கள் தலையில்தான் ஏறிப் போகும். கொத்தனார் சாரத்தில் உட்கார்ந்து "கல்லு" என்பார். கொடுப்போம். "கலவ" என்பார். கொடுப்போம். கல்லை எடுத்துக் கொடுக்கலாம். அதைச் சுவரில் வைக்கிற வேலை மட்டும் பொம்பளைக்குக் கிடையாது. யார் போட்ட சட்டமென்று யாருக்கும் தெரியாது.

எனக்கோ கலவை வீசுகிற அந்தக் கரண்டி மேல் ஒரு கண். கொத்தனார் வெற்றிலை போட இறங்குகிற நேரம் பார்த்து எடுத்து, ஒரே ஒரு கல்லாவது வைத்துப் பார்க்க வேண்டும் என்று கை துறுதுறுக்கும். கூடவே வேலை பார்த்த என் கூட்டாளியிடம் ஒருநாள் சொன்னேன். அவள் வாய்க்காரி. "வச்சுப் பாரு. ஒன்னயும் சேத்து வச்சுப் பூசிருவாக" என்றாள்.

எண்பதுகளின் கடைசியில் வ. புதுப்பட்டி போகிற வழியில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை வந்தது. கன்னியாஸ்திரிகள் நடத்துகிற பள்ளி. படிப்பை நிறுத்திய பெண்பிள்ளைகளுக்கு அங்கே தையல் சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளைகள் மரத்தடியில் மிஷினைப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார்கள். மழை வந்தால் மிஷினைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர்களுக்காக ஒரு கட்டடம். ராஜபாளையத்துப் பெரிய கொத்தனார்தான் எடுத்திருந்தார். சித்தாளுக்கு நாங்கள் ஏழெட்டுப் பேர்.

அந்தப் பள்ளிக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு சிஸ்டர் வந்திருந்தார். எங்களைவிட இளவயசு. முதல்முதலாகப் பார்த்தபோது என் கூட்டாளி செத்த நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "எங்க அத்தை மகளேதான். அவ நடையும் இப்படித்தான் இருக்கும்" என்றாள். அன்றைக்கே உறவு ஒட்டிவிட்டது. மத்தியானச் சோற்றுக்கு எங்களோடு வந்து உட்கார்ந்துவிடுவார். தமிழை எங்களிடமே கற்றார். அதனால் வந்த வினை, பள்ளியின் தலைமை மதரை ஒருநாள் எல்லார் முன்னாலும், நாங்கள் ஒருத்தியை ஒருத்தி கூப்பிடுகிற மாதிரி "ஏட்டி" என்று கூப்பிட்டுவிட்டார். நல்லவேளை, மதருக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அஸ்திவாரம் முடிந்து சுவர் எழும்பத் தொடங்கிய வாரத்தில் அது நடந்தது. பெரிய கொத்தனார் டீ குடிக்க இறங்கியிருந்தார். சிஸ்டர் அங்கியின் கையைச் சுருட்டிக்கொண்டு விறுவிறுவென்று போய் அவர் கரண்டியை எடுத்து, கலவையை வீசி, கல்லை வைத்து, கரண்டிப் பிடியால் ரெண்டு தட்டு தட்டினார். அப்புறம் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. கொத்தனார் டீ கிளாஸோடு வந்து நின்றவர், குடிக்க மறந்துபோனார்.

சிஸ்டருடைய ஊரும் நம் ஊர் மாதிரி மழைக்கு ஏங்குகிற ஊராம். அங்கேயும் பாதிரிச் சாமியார்கள் நடத்துகிற பள்ளிக்கூடம். காலையில் பாடம், மத்தியானத்துக்கு மேல் தச்சு, தையல், கொத்து வேலை. பிள்ளைகளே களிமண்ணை மிதித்து, கல் அறுத்து, சூளை போட்டு, அவர்கள் படிக்கிற வகுப்பை அவர்களே கட்டிக்கொள்வார்களாம். இவரை இவர் அம்மா தையலுக்குத்தான் அனுப்பினாராம். "அப்புறம் எப்படி சிஸ்டர் கரண்டிக்கு வந்தீக?" என்று கேட்டேன்.

"மிஷினு ரெண்டு. பிள்ளைய நெறைய. கரண்டி சும்மா கெடந்துச்சு" என்றார்.

அத்தோடு விடவில்லை. இத்தனை வருஷம் கல் சுமந்திருக்கிறீர்களே, ஏன் ஒரு கல்லும் வைக்கவில்லை என்று கேட்டார். "யாரு விட்டா சிஸ்டர்?" என்றோம். மறுநாள் சாயங்காலத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் எங்களுக்கு வகுப்பு.

சேற்றுமண்ணைக் குழைத்துச் சுவர் எழுப்புவோம். சேறு ஒட்டிப் பிடிக்காது என்பதால், முடிந்ததும் கல்லைப் பெயர்த்து அடுக்கிவிட்டு மறுநாளும் அதையே கட்டலாம். கட்டினோம், இடித்தோம், கட்டினோம். என் வீட்டுக்காரர், "கட்டுறதும் இடிக்கிறதும் வீட்டுலயே நடக்கே, அதுக்கு எதுக்கு அம்புட்டு தூரம்?" என்றார். பஸ் நிறுத்தத்து டீக்கடைக்காரர் எங்களைக் கண்டாலே, பொம்பளை கட்டின சுவர் ராத்திரியெல்லாம் பேசுமாம், பிள்ளைகள் எப்படித் தைக்கும் என்பார். சொல்லிவிட்டு டீயில் சீனி கூடப் போடுவார். நல்ல மனுஷன்.

பெரிய கொத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. ஒருநாள் நேரே வந்து கேட்டார்: "எல்லாரும் கரண்டியப் பிடிச்சுட்டா கலவச் சட்டிய யாரு தூக்குவா?"

அது நியாயமான கேள்வி. சிஸ்டர் மதரைக் கூட்டிவந்தார். மதருக்கும் பயம், சுவர் சாய்ந்தால் உள்ளே இருப்பது பிள்ளைகள். கடைசியில் ஒரு பேச்சு முடிவானது. ஜன்னல் மட்டத்துக்கு மேலே பின்சுவர் எங்களுக்கு. ஒரு பகல் வேலை. பொழுது சாயக் கொத்தனார் தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பார். சுவர் நேராக நின்றால் நாங்கள் கரண்டி பிடிக்கலாம். சாய்ந்திருந்தால் இடித்துவிட்டு மறுபடி சட்டிதான்.

அந்த நாள் வந்தது. சாரத்தில் நாங்கள் நாலு பேர் ஏறினோம். மற்றச் சித்தாள்கள் முன்சுவரில் கொத்தனாருக்கு. கீழே கல்லும் கலவையும் கொடுக்கத் தையல் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். கல் நன்றாகத்தான் உட்கார்ந்தது. வம்பு வேறெங்கோ இருந்தது. கலவை தீர்ந்தால், "கலவ" என்று ஒரு சத்தம் கொடுக்க வேண்டும். வாய் வரவில்லை. பத்து வருஷமாகக் கேட்ட சத்தத்தை ஒருநாளும் நாங்கள் கொடுத்ததில்லை. கலவை தீர்ந்ததும் நான் பாட்டுக்கு இறங்கி, சட்டியை நிரப்பி, தலையில் வைத்து ஏறினேன். அந்தக் கோடியில் என் கூட்டாளியும் அப்படியே. சாரத்தில் ஏறுகிறவளும் இறங்குகிறவளும் முட்டிக்கொண்டோம். தையல் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். உச்சிவேளைக்குள் பாதிச் சுவராவது எழுந்திருக்க வேண்டும். எழவில்லை.

"எறங்காத. கூப்பிடு" என்றார் சிஸ்டர் கீழேயிருந்து.

"கூச்சமா இருக்கு சிஸ்டர்."

"நீ எறங்கிக்கிட்டே இரு. பொழுதும் எறங்கிரும்."

மெல்லக் கூப்பிடத் தொடங்கினோம். முதலில் "செத்த அந்தக் கல்ல எடுத்துத் தாம்மா, கண்ணு" என்று கெஞ்சல். பிறகு "கல்லு தாம்மா." வெயில் சாயச் சாய, "கல்லு" மட்டும் மிஞ்சியது. சுவரும் வேகம் பிடித்தது.

நாலு மணிக்கு மேல் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று தையல் பிள்ளைகள் போய்விட்டார்கள். சிஸ்டரும் அவர்களை ஏற்றிவிடப் போய்விட்டார். நாங்கள் கவனிக்கவில்லை. இன்னும் ரெண்டு வரிசை பாக்கி. கண்ணெல்லாம் மட்டத்துக்குக் கட்டின நூலில். "கலவ" என்றேன். வரவில்லை. மறுபடி சொன்னேன். வரவில்லை. எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. "எம்புட்டு நேரம் கத்துறது? கைய நீட்டிக்கிட்டே நிக்கேன், தெரியலயா?" என்று கத்திவிட்டேன்.

பக்கத்தில் சட்டி வந்து உட்கார்ந்தது. கூடவே ஒரு பெரிய பெருமூச்சு. திரும்பினால் பெரிய கொத்தனார். குண்டு விட்டுப் பார்க்க வந்தவர். தோளெல்லாம் கலவை வழிந்திருந்தது.

நான் கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்தேன். அந்தக் கோடியிலிருந்து என் கூட்டாளி மட்டும், "தலைக்குச் சும்மாடு வைக்காமத் தூக்குனா ஒழுகத்தான் செய்யும், அண்ணாச்சி" என்றாள்.

"தெரியும், தெரியும். கல்ல வைங்க, இருட்டிரப் போகுது" என்றார் அவர். சட்டியை எடுத்துக்கொண்டு இறங்கி, இன்னொரு நடையும் கொண்டுவந்தார்.

கடைசிக் கல் உட்கார்ந்ததும் எல்லாரும் கீழே இறங்கி நின்றோம். மதரும் சிஸ்டரும் வந்துவிட்டார்கள். கொத்தனார் மேலேயிருந்து குண்டை விட்டார். அது ஆடி ஆடி நின்றது. இந்த மூலை, நடு, அந்த மூலை என்று பார்த்தார். என் கூட்டாளி கட்டின மூலையில் ரெண்டாம் தடவையும் விட்டுப் பார்த்தார்.

"ஒரு நூல் வெளிய நிக்கு" என்றார். கொத்தனார் கணக்கில் ஒரு நூல் என்பது அரைக்கால் அங்குலம்.

மதர் சிஸ்டரைப் பார்த்தார்.

கொத்தனார் குண்டைச் சுருட்டி இடுப்பில் செருகினார். "பூச்சுல சரியாயிரும்."

சிஸ்டருக்குப் புரியவில்லை, இடிக்கச் சொல்கிறாரோ என்று எங்கள் முகத்தைப் பார்த்தார். நாங்களோ சிரித்த சிரிப்பில் மரத்துக் காக்கையெல்லாம் பறந்தன. ராஜபாளையத்தில் வீட்டுக்காரர்கள் யாராவது சுவரைப் பார்த்துக் குறை சொல்லும்போதெல்லாம் கொத்தனார்கள் சொல்கிற வார்த்தை அது. தன் சுவருக்குச் சொல்கிறதை எங்கள் சுவருக்கும் சொல்லிவிட்டார். இதற்கு மேல் என்ன வேண்டும்? சிஸ்டருக்கு விளக்கிச் சொன்னதும் அவர் ஊர்ப் பாஷையில் ஒரு குலவை விட்டார். நாங்களும் சேர்ந்து விட்டோம்.

அந்தச் சந்தோஷத்தில் கரண்டிகளைப் போட்டது போட்டபடி வீட்டுக்குப் போய்விட்டோம். கொத்தனார் போட்டுவிட்டுப் போவார், சித்தாள் கழுவி வைப்பாள் என்பதுதானே வழக்கம். அன்றைக்கு எல்லாரும் கொத்தனார். காலையில் வந்து பார்த்தால் நாலு கரண்டியிலும் சிமெண்ட் கல்லாகியிருந்தது. உட்கார்ந்து செங்கல் துண்டால் சுரண்டிக்கொண்டிருந்தோம்.

பெரிய கொத்தனார் எங்களைத் தாண்டிப் போனவர் நின்று, என்னைப் பார்த்து, "சுரண்டுனது போதும், கொத்தனாரம்மா. முன்சுவர்ல ஒரு மூலை கெடக்கு. ஏறு" என்றார்.

ஏறினேன். உட்கார்ந்த கையோடு "கல்லு" என்று ஒரு சத்தம் கொடுத்தேன். பக்கத்துச் சாரத்தில் ஏறிக்கொண்டிருந்த என் கூட்டாளி, "நானும் கொத்தனார்தாண்டி. வேற ஆளப் பாரு" என்றாள்.